குறிஞ்சிக்கு நான் குறித்த வாரம்

1970இல் குறிஞ்சி பூத்தபோது, எந்தச் சரிவில் எப்போது பூ நிறைந்தது என்று நோட்டில் எழுதிவைத்தேன். செப்டம்பர் கடைசி வாரம். அதன் கீழே இரண்டு கோடுகள். அந்த முறை என் மனைவி பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்து அடுத்த முறை பூக்கும்போது சேர்ந்து பார்ப்போம் என்று அவளுக்குக் கடிதம் எழுதினேன்.

1982 ஜூலையில், மதுரைக் கண் மருத்துவர் அவள் பார்வை மூன்று மாதம் தாங்கினால் பெரிது என்றார். மலைமேல் எங்கள் ஊரான நாயுடுபுரம் திரும்பியதும் நோட்டைத் தேடி எடுத்தேன். அந்தச் சரிவு இருக்கும் பூண்டிக்கு எந்தப் பஸ், எங்கே இறங்குவது, எத்தனை மணிக்குச் சரிவில் வெயில் விழும், எல்லாவற்றையும் குறித்தேன்.

ஆகஸ்ட் முடிவில், பூண்டியிலிருந்து எங்களுக்குக் கேரட் கொண்டுவரும் விவசாயி வாசலில் பையை இறக்கினார்.

"சார், அங்கிட்டுப் பூத்துக் கெடக்கு. அம்மாவக் கூட்டிக்கிட்டு வெரசா வாங்க."

"இப்போ பாதிதான் பூத்திருக்கும். இன்னும் நாலு வாரம் போகட்டுங்க."

"செடிக்கு உங்க நோட்டப் படிக்கத் தெரியுமா சார்?"

மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். நான் அசையவில்லை. அவளுக்குக் கிடைக்கப்போவது ஒரே ஒரு பார்வை. அது பாதிப் பூவாக இருக்கக் கூடாது.

பிறகு மழை பிடித்தது. மண் சரிந்து பூண்டி ரோடு அடைபட்டுப்போனது. தினமும் வெள்ளனே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கேட்டேன். "இன்னும் அள்ளி முடியலைங்க" என்றார்கள். வீட்டில் அவள் தம்ளரின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துக் காப்பி ஊற்றத் தொடங்கியிருந்தாள். அதை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை.

ரோடு திறந்த அன்று முதல் பஸ்ஸில் போனோம். மலை கண்ணுக்கெட்டியவரை நீலமாக இருந்தது. என் கணக்கு தப்பவில்லை.

"எங்கிட்டுங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் அதற்கு நேர் எதிரேதான் நின்றிருந்தாள். கைப்பிடித்துக் கூட்டிப்போய் ஒரு கிளையை வளைத்துக் கொடுத்தேன். இமை உரசும்படி முகத்தை அருகே கொண்டுபோனாள்.

"ஒண்ணு தெரியுதுங்க."

"மத்தது?"

"மத்தத நீங்க எண்ணிச் சொல்லுங்க. அதுதான உங்க சோலி."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் என் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். நான் அந்தக் கிளையிலிருந்து சத்தமாக எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியதும் கணக்கு தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். போதும் என்று அவள் சொல்லவில்லை.