டயர் விளம்பரக்காரருக்கு ஒரு மாலை

கார் மெக்கானிக் தொழில்ல இருக்கிற என் சக பாவிகளுக்குத் தெரியும், எப்பேர்ப்பட்ட எஞ்சினையும் சரி பண்ணிடலாம், எதிர்க்கடை ஏசியை ஒண்ணும் பண்ண முடியாது.

மேலூர் ரோட்டுல என் ஒர்க்‌ஷாப்புக்கு நேர் எதிரே கண்ணாடி வச்ச ஏசி சர்வீஸ் சென்டர் வந்துச்சு. உட்கார சோபா, குடிக்க காபி. இங்க நான் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். அந்த மேனேஜர் வேற ரோட்டைத் தாண்டி வந்து, சும்மாதானே இருக்கீங்க, எங்ககிட்ட வேலைக்கு வந்துருங்கண்ணேன்னு கூப்பிட்டான். வந்துச்சே எனக்குக் கோவம்! என் மச்சினன்தான் யோசனை சொன்னான், பழைய கார் வேலையா எடுங்க, அதுக்குத் தோதா சுவத்துல அந்தக் காலத்து விளம்பர போர்டா மாட்டுங்கன்னு. சரி, தீபாவளிக்குள்ள ஒரு பழைய காராவது வரட்டும், வரலைன்னா எதிர்க்கடை யூனிஃபார்மை மாட்டிக்க வேண்டியதுதான்னு முடிவு பண்ணிட்டேன்.

புதுத் துரு

பார்சல்ல வந்த போர்டு எல்லாம் புதுத் தகரம். பழசாத் தெரியணும்னு ஓரத்துல துருவையும் சேர்த்து அச்சடிச்சிருந்தான். பிரேக் பாக்க லோடு ஆட்டோவோட வந்த திருவாதவூர்க்காரர் ஒருத்தர், அந்தத் துருவைக் கட்டைவிரலால தேய் தேய்னு தேய்ச்சுப் பார்த்தாரு. போகலை. எனக்காக ரொம்பவே வருத்தப்பட்டாரு மனுசன்.

"கடையிலயே பிரிச்சுப் பாத்து வாங்கியிருக்கலாம்லண்ணே, துருப்பிடிச்சதா பாத்து உங்க தலையில கட்டிட்டானே."

வெறுங்கழுத்து

அதுல ஒரு டயர் விளம்பரம். கோட்டும் முறுக்கு மீசையுமா ஒரு வெள்ளைக்காரர் முறைச்சுக்கிட்டு நிப்பாரு. ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரி செல்வி மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல இருந்து பூ அள்ளிட்டு வந்திருந்தா. நான் பொரி வாங்கப் போயிட்டு வாரேன், ஸ்பேனர், ஜாக்கி, கம்ப்ரசர் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். வெள்ளைக்காரருக்கும் பொட்டு வச்சு, கழுத்துல ரோஜா மாலை! யாருடி செத்தான்னு கத்திட்டேன். அவ அசரலை.

"மீசை வச்ச பெரிய மனுசன் நம்ம சுவத்துல நிக்கிறாரு, ஜாக்கிக்கே பூ வச்சுட்டு இவரை மட்டும் எப்படிங்க வெறுங்கழுத்தோட விடுறது?"

பசுமலை வண்டி

மாலை வாடுறதுக்குள்ள பசுமலையில இருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார், அவங்க அப்பா ஓட்டுன காரோட வந்தாரு. நான் ஓடிப் போய் ஸ்டூலைத் துடைச்சுப் போட்டேன். அவருக்கோ என் மேல நம்பிக்கை வரலை. எதிர்க்கடையைத் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு, சாவியைக் கையில இருந்து விடலை. திடீர்னு மாலையைப் பார்த்தவரு செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டாரு. ஐயா, அது டயர் விளம்பரம்னு உண்மையைத்தான் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே தோள்ல தட்டினாரு. மறுபடியும் சொல்ல வாயெடுத்தேன், பின்னாடி நின்ன செல்வி நறுக்குனு கிள்ளிட்டா. சாவி என் கைக்கு வந்துச்சு.

"அடக்கமாப் பேசாதீங்க தம்பி, தொழில் சொல்லிக்குடுத்தவரை மறக்காம மாலை போட்டு வச்சிருக்கீங்க, எங்கப்பா வண்டி இங்கயே நிக்கட்டும்."

ஆக, இத்தனை வருசம் கிரீஸ்ல குளிச்சும் நான் எடுக்காத பேரை அந்த வெள்ளைக்காரர் சும்மா நின்னே வாங்கிக் குடுத்துட்டாரு, இப்ப வெள்ளிக்கு வெள்ளி அவருக்கு மாலை மாத்துறது நான்தான்.