கதவு சாத்திய கொட்டகை

என் தம்பி பெண்டாட்டிக்கு நாற்றுப்பண்ணையில் மண் கலக்கும் வேலை. செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றையும் சலித்துக் கலந்து பைகளில் நிரப்ப வேண்டும். ஜன்னலே இல்லாத தகரக் கொட்டகை. காற்று வர ஒரே கதவுதான். கல்யாணமான கையோடு அதற்குள் போனவள். இப்போது மகன் மீசை வளர்க்கிறான், இவள் இன்னும் அதே கொட்டகையில்தான் கிடக்கிறாள். நான் முன்பக்கம் கல்லாவில், மின்விசிறிக்குக் கீழே. எனக்கே பார்க்கச் சகிக்காது.

கலவையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பாள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அப்போதுதான் ஈரமும் தங்கும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். இந்தப் பக்குவம் வேறு யார் கைக்கும் வரவில்லை. அதுவே அவளுக்கு வினையாகப் போயிற்று.

மண் தூசியில் பிடித்த இருமல் முற்றியதும் முதலாளியிடம் கேட்டாள். "என்னையும் முன்னாடி போடுங்க. செடி விக்கிறேன்."

"உன் கலவையில செடி வாடட்டும், அன்னைக்கே மாத்துறேன்," என்று பெரிய நகைச்சுவை சொன்ன மாதிரி சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாட வச்சிரு," என்றேன் அவளிடம். "களிமண்ண அள்ளிப் போடு. அவரே துரத்துவாரு."

"செடிங்க பாவம் அண்ணி."

"உன்னைவிடவா?"

ஒருவழியாகத் துணிந்தாள். தக்காளி நாற்றுக்கு மணலைக் குறைத்துக் களிமண்ணைக் கூட்டினாள். ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்றது. சில நாளில் இலைகள் மஞ்சளாயின. வெளியூர் போயிருந்த முதலாளி திரும்பும் அன்று, கல்லா பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்தேன்.

ஆளைக் காணோம். கொட்டகையில் போய்ப் பார்த்தால், நாற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேரில் ஒட்டிய களியை அலசி, நல்ல கலவையில் மாற்றி நட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"அதுங்களுக்கு மூச்சு முட்டுது அண்ணி," என்றாள் இருமிக்கொண்டே. "பாத்துட்டு இருக்க முடியல."

பின்னால் முதலாளி நின்றிருந்தார். நான் விடவில்லை. "இவ கலவைதான் கெட்டுப்போச்சு. சொன்னபடி மாத்துங்க."

"கெட்டா என்ன, உயிரக் குடுத்துக் காப்பாத்துறாளே. இப்படி ஒரு ஆள விடுவேனா?" என்றார்.

தூசி கடைப்பக்கம் வருகிறதாம். போகும்போது கதவை அவரே இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.