தண்ணீரில் போட்ட சாபம்

ரோமர்கள் ஆண்ட பிரிட்டனில், குயவர் ஊரான டுரோபிரிவேயில், குவளைமேல் களிமண் குழம்பைப் பிழிந்து வேட்டை நாய் போடுவதில் டோக்காவை அடிக்க ஆள் கிடையாது. முன்னால் முயல், பின்னால் நாய்கள். அவன் பொறுமை எல்லாம் விரல் நுனியோடு சரி.

அன்று சூளையிலிருந்து இறக்கி ஆறவைத்த குவளைகளில் ஒன்றைக் காணோம். அதுவும் இருப்பதிலேயே நல்லது. டோக்கா யாரையும் விசாரிக்கவில்லை. நேரே கோயிலுக்கு ஓடி, அங்கே சாபம் எழுதித் தருகிறவரிடம் ஈயத் தகட்டில் எழுதவைத்தான்: ‘எடுத்தது ஆணோ பெண்ணோ, அடிமையோ இல்லையோ, குவளையைச் சாமியிடம் கொண்டுவந்து வைக்கும்வரை தூக்கமும் கூடாது, உடம்பில் சுகமும் கூடாது.’ தகட்டைச் சுருட்டி ஆணியடித்து, சாமிக்குப் போய்ச் சேரக் கோயில் குளத்தில் எறிந்துவிட்டு, சீட்டியடித்தபடி வீடு திரும்பினான்.

வாசலில் அவன் மனைவி செனில்லா மண் கையோடு நின்றாள்.

“ஒரு குவளைய நான் எடுத்துட்டேன்யா. பாப்பாகிட்ட புதைச்சுட்டு வந்தேன்.”

காய்ச்சலில் போன மகளுக்கு மூன்று வயது.

“அந்த ஒண்ணுலதான் முயல் தப்பிச்சிடும்போல இருந்துச்சு. அவ எப்பவும் முயல் கட்சிதானே?”

டோக்காவுக்கு முகம் வெளுத்தது. அந்தக் குவளையைத் தோண்டி எடுத்துச் சாமியிடம் வைப்பதா? அதற்கு அவன் கை வராது. தகட்டையாவது மீட்கலாம் என்று வந்த வழியே ஓடினான்.

குளத்துத் தண்ணீர் பனிக்கட்டிபோல் இருந்தது. இடுப்பளவில் நின்று துழாவினால், ஊரார் கோபமெல்லாம் சுருள் சுருளாகக் கைக்கு வந்தது. எல்லாம் ஒரே மாதிரி.

“டேய் டோக்கா! ஊரான் சாபத்தையெல்லாம் எதுக்குடா அள்ளுற?” கோயில் பெருக்கும் பிரிக்கா துடைப்பத்தோடு வந்தாள்.

“என்னோடத தேடுறேன்க்கா. ஆள் தப்பாயிடுச்சு.”

“பேர் போட்டியா?”

“இல்ல.”

“அப்புறம் ஆள் எப்படிடா தப்பாகும்?”

டோக்கா கரையேறினான். பல் கிடுகிடுக்க எழுதுகிறவரிடம் போனான்.

“இன்னொண்ணு எழுதுங்க. குவளைய எடுத்தது டோக்கா. வேற யாரையும் தேட வேண்டாம்.”

“உன் குவளைய நீயே திருடினியா? பைத்தியமா உனக்கு?”

“வேணும்னா அதையும் சேர்த்து எழுதிக்குங்க.”

அந்தத் தகடும் குளத்துக்குள் போனது. மூன்று நாள் டோக்கா காய்ச்சலில் கிடந்தான். கண்ணை மூடவிடாமல் தும்மல். பக்கத்தில் செனில்லா ஒரு குறையுமில்லாமல் தூங்கி எழுந்தாள். ஒவ்வொரு தும்மலுக்கும் அவன் முகம் மலர்ந்தது. சாமி நம்பிவிட்டது.

“தும்மிட்டு எதுக்குய்யா இளிக்கிற?” என்று கேட்டு, செனில்லா அவன்மேல் இன்னொரு கம்பளியைப் போர்த்தினாள்.