நீல மீனின் கிரிவலம்

செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு காபிக் கடையில், வெளிநாட்டுக்காரர் ஒருவர் மீன் தொட்டியைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் இருந்த காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு சாந்தம். நான் இந்த ஊரிலேயே பிறந்து ஐம்பதைத் தாண்டியவன். ஊரே தியானம் செய்யும் இடத்தில் நான் கண்ணை மூடினால் வருவது தூக்கம் மட்டும்தான். கண்ணைத் திறந்துகொண்டே அடையக்கூடிய அமைதி என்று ஒன்று இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் தொட்டியில் இருந்தவை சாதாரணத் தங்க மீன்கள். நானும் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எனக்குக் கல்லூரி நூலகத்தில் வேலை. எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். படித்ததனாலேயே தவறாகவும் செய்வேன். மீன் வளர்ப்பைப் பற்றிப் படிக்கப் போய், நல்ல தண்ணீர் மீனெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் வளர்ப்பது, விஷயம் தெரிந்தவன் வளர்ப்பது கடல்மீன் என்ற முடிவுக்கு வந்தேன். கிட்டத்தில் இருக்கும் கடல் புதுச்சேரியில். வைகாசி வெயிலில் பாறைக்கே வியர்க்கும் ஊரில், வரவேற்பறையில் ஒரு கடல் வைக்கத் தீர்மானித்தேன்.

"குடிக்கிற தண்ணியே கேன்ல வாங்கறோம்" என்றாள் மனைவி. "அந்தத் தண்ணியில உப்பைக் கொட்டி மீனுக்கு ஊத்தப் போறீங்களா?"

"ஆமாம்" என்றேன். கேட்பதற்கு அபத்தமாகத்தான் இருந்தது. ஆனால் செய்ய வேண்டியது அதையேதான்.

எந்த மீன் எதனோடு ஒத்துப்போகும் என்பதுதான் பெரிய படிப்பு. அளவு பொருந்த வேண்டும், தீனி பொருந்த வேண்டும், குணம் பொருந்த வேண்டும், ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று நுழையாததாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பவர்கள் பத்தோடு விட்டுவிடுகிறார்கள், மீன் புத்தகக்காரர்கள் விடுவதில்லை. நூலகத்தில் எனக்கு இந்தத் தொல்லை இருந்ததே கிடையாது. ஆத்திகமும் நாத்திகமும் ஒரே அலமாரியில் தோளோடு தோள் உரசி நிற்கும். எந்தப் புத்தகமும் பக்கத்துப் புத்தகத்தின் வாலைக் கடித்ததாக இதுவரை புகார் வந்ததில்லை.

தொட்டி வந்தது. மீன் ஒளிந்துகொள்ள, துளை துளையாக இருக்கும் வெள்ளைக் கற்களும் வந்தன. அவற்றை எப்படி அடுக்க வேண்டும் என்பதற்கும் புத்தகங்களில் வழி சொல்லியிருந்தது: இரண்டு மூன்று குவியலாகப் பிரித்து வை, ஆளுக்கொரு மூலை கிடைக்கட்டும். நான் மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்தேன். கீழே வந்து ஒரு கல்லை வைத்தேன். மறுபடி மாடிக்குப் போனேன். முழங்கால் வலிக்கும் வரை ஏறி இறங்கிய பிறகு, தொட்டியின் நடுவில் அச்சு அசலாக அண்ணாமலை நின்றது. இந்த ஊர்க்காரன் கையில் பத்துக் கல்லைக் கொடுத்தால் வேறென்ன கட்டுவான்?

மனைவிதான் முதலில் கவனித்தாள். "ஏங்க, நம்ம மலை" என்றவள், உள்ளே போய்க் குங்குமம் எடுத்து வந்து கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அப்புறம் எதிர்வீட்டுக்காரர் வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துபவர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தொட்டியில் அப்போது ஒரு மீன்கூட இல்லை.

மீன் வாங்கச் சென்னைக்குப் போனோம். கடைக்காரர் என் ஆறு மாதப் படிப்பை அரை நிமிடத்தில் மூட்டை கட்டினார்.

"பொஸ்தகத்துல ஆயிரம் போட்டிருப்பான் சார். தோ இது கீதே, நீலம், வால் மட்டும் மஞ்சள், டாம்சல்னு பேரு. இத்த மொதல்ல உடுங்க. சாவவே சாவாது. இது நின்னா எல்லாம் நிக்கும்."

முதலில் குடிபோகும் மீன் தொட்டி முழுவதையும் தன் சொத்தாக நினைத்துக்கொள்ளும், ஆகவே முரட்டு மீனைக் கடைசியில் விடு என்று நான் படித்திருந்தேன். அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். ஆனாலும் சாவவே சாவாது என்ற சொல்லில் ஒரு கவர்ச்சி இருந்தது. நீல மீன் முதலில் வந்தது. தொட்டித் தண்ணீர் பக்குவப்பட்ட பிறகு இன்னொரு முறை போய், இரண்டு கோமாளி மீன்கள் வாங்கினேன். மனைவி தனக்கென்று ஒன்று கேட்டாள். அவள் காட்டியது விரல் நீள மஞ்சள் மீன். மணலில் குழி பறித்து, அதன் வாசலில் காவல்காரன்போல உட்கார்ந்திருக்கும் சாது. இரண்டு ஓரமும் கீழே இறங்கிய வாய்; உலகத்தின் மீது நிரந்தர மனக்குறை உள்ள முகம்.

"இதுவேதான் வேணுமா?" என்று கேட்டேன்.

"உங்க மூஞ்சி மாதிரியே இருக்குதுங்க. வாங்கிக் குடுங்க, போதும்."

தொட்டிக்குள் இறங்கிய அன்றே மஞ்சள் மீன் மலையடிவாரத்தில் ஒரு குழி பறிக்கத் தொடங்கியது. அது முடிவதற்குள் நீல மீன் வந்து இடித்தது. மறுபக்கம் போனது, அங்கேயும் வந்து இடித்தது. ஒற்றை மலை என்பதால் மறைவான பக்கம் என்று ஒன்று இல்லை. மலையைச் சுற்றிச் சுற்றி வந்தால் எல்லாப் பக்கமும் தெரிந்துவிடும். நீல மீன் சுற்றியது. காலையில் சுற்றியது, மத்தியானம் சுற்றியது. அதுவும் வலமாகவே சுற்றியது.

எதிர்வீட்டுக்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "சார், மீனு கிரிவலம் வருது சார்."

"அது ரோந்து சுத்துதுங்க" என்றேன்.

"நீங்க படிச்சவரு, உங்களுக்கு அப்படித்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பௌர்ணமிக்கு லாட்ஜில் தங்கியவர்களைக் கூட்டி வந்தார். கிரிவலம் முடித்த கால்களோடு அவர்கள் எங்கள் வரவேற்பறையில் வரிசையாக நின்றார்கள். குங்குமப் பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது. கார்த்திகைக்கு மனைவி தொட்டியின் மூடி மேல், சரியாகச் சிகரத்துக்கு நேராக, ஓர் அகல் ஏற்றி வைத்தாள். எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். கோமாளி மீன்கள் இரண்டும் மேல் மூலையில் தண்ணீரோடு தண்ணீராக ஒட்டிக்கொண்டிருப்பதையோ, மஞ்சள் மீன் மோட்டார் குழாய்க்குப் பின்னால் சொருகிக்கொண்டிருப்பதையோ யாரும் பார்க்கவில்லை. நானும் மனைவியும் பார்த்தோம்.

நீல மீனைப் பிடித்து வெளியேற்றிவிடுவது என்று இறங்கினேன். வலையை விட்டால் மலைக்குள் புகுந்துகொள்ளும். எடுத்தால் வெளியே வந்து என்னைப் பார்க்கும். தண்ணீர் பாட்டிலை வெட்டி உள்ளே இறால் துணுக்கு வைத்துப் பொறி செய்தேன். நாள் முழுக்கக் காத்திருந்ததில் இரண்டு முறை மாட்டியது, இரண்டு முறையும் ஒரே கோமாளி மீன். மூன்றாம் முறை அந்தக் கோமாளி மீன் தானாகவே வந்து பொறி வாசலில் நின்றது. தன் பிம்பத்தைப் பார்த்தால் முரட்டு மீன் அதனோடு சண்டை போட்டு மற்றதை மறந்துவிடும் என்று எங்கோ படித்து, மனைவியின் கைக்கண்ணாடியைத் தொட்டிக்கு வெளியே சாய்த்து வைத்தேன். நீல மீன் தன்னோடு தானே மோதியது. சாயங்காலத்துக்குள் உடற்பயிற்சி முடித்த தெம்போடு பழைய வேலைக்குத் திரும்பியது.

அமைதி தேடி வாங்கிய தொட்டி. நான் ஒரு மீனைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போனது என்ற அளவில் அந்த வெளிநாட்டுக்காரரை எட்டிவிட்டேன்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"அது அப்படித்தான் சார் அடிக்கும்" என்றார்.

"விக்கும்போது சொல்லலியே."

"நீங்க கேக்கலியே. சரி உடுங்க, கல்லு மொத்தத்தையும் வெளிய எடுங்க. அப்பதான் ஆளு மாட்டும். எடுத்துட்டு வேற மாதிரி அடுக்குங்க."

மலையை எடுப்பதா? எதிர்வீட்டுக்காரரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "வேணாம் சார்" என்றார் தாழ்ந்த குரலில். "வெச்சது வெச்சாச்சு. மலையில போய்க் கைய வெப்பாங்களா யாராச்சும்?" மனைவி தினமும் காலையில் கண்ணாடிக்கு முன்னால் கண்மூடி நிற்பாள். அப்புறம் குனிந்து குழாய்க்குப் பின்னால் மஞ்சள் மீன் இருக்கிறதா என்று தேடுவாள். அவளை வைத்துக்கொண்டு எனக்கும் அந்தப் பேச்சை எடுக்கத் தைரியம் வரவில்லை. கற்களைக் கொண்டுவந்தவன் நான், அடுக்கியவன் நான், அவற்றைத் தொடும் உரிமை மட்டும் எப்போதோ கைமாறியிருந்தது.

அடுத்த பௌர்ணமி காலையில் மஞ்சள் மீன் தீனிக்கு வரவில்லை. முந்தைய நாளும் வந்திருக்கவில்லை. மனைவி டார்ச் அடித்துத் தேடினாள். குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில், நூலாக இளைத்து, வால் துடுப்பு கிழிந்து, செவுளை மட்டும் அசைத்துக்கொண்டு கிடந்தது. அவள் டார்ச்சை அணைத்தாள். சமையலறைக்குப் போய் ஈரத்துணி எடுத்து வந்து, கண்ணாடியிலிருந்த குங்குமத்தை நிதானமாகத் துடைத்தாள்.

"எடுத்துடுங்க" என்றாள்.

"எதை?"

"கல்லைத்தான். மலை வெளிய நிக்குது, அது எங்கயும் போவல. இது போய்டும்."

பிளாஸ்டிக் டப் ஒன்றில் உப்புத்தண்ணீர் நிரப்பி, நான் சிகரத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு கல்லையும் அவள் இரண்டு கையாலும் வாங்கி வைத்தாள். தண்ணீர் பால்போலக் கலங்கிவிட்டது. நீல மீன் எங்கே என்று தெரியவில்லை. கடைசிக் கற்களில் ஒன்றைத் தூக்கி டப்பில் வைத்தபோது, அதன் துளைக்குள்ளிருந்து ஒரு நீலத் தலை எட்டிப் பார்த்தது. வலைக்கும் பொறிக்கும் கண்ணாடிக்கும் சிக்காதவர், வீட்டை விட்டு நகர மனமில்லாமல் வீட்டோடு வந்துவிட்டார். கல்லோடு சேர்த்து அவரை ஒரு வாளிக்கு மாற்றினேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். எதிர்வீட்டுக்காரர், பின்னால் ஆறேழு பேர். ஊரைச் சுற்றிப் பஸ்ஸையெல்லாம் எல்லையிலேயே நிறுத்திவிடும் நாள் அது; அங்கிருந்து நடந்து, அப்புறம் மலையையும் சுற்றி வந்தவர்கள். முழங்கை வரை சொட்டச் சொட்ட நின்றிருந்த என்னையும், கலங்கிய தொட்டியையும் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கூட்டத்தில் ஒரு அம்மா, "மலை எங்கங்க?" என்று கேட்டார்.

நான் கடல்மீன்களின் எல்லை உணர்வு பற்றி விளக்க வாயைத் திறந்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"பாலாலயம் பண்ணியிருக்கோம்ங்க."

அவ்வளவுதான், எல்லோருக்கும் புரிந்துவிட்டது. திருப்பணி நடக்கும் கோயிலில் சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைத்திருப்பார்களே, அதைக் கேள்வி கேட்பவர் யார்? அந்த அம்மா டப்பைக் கும்பிட்டார். பிறகு ஒரே ஒரு கல்லோடு தனியாக இருந்த வாளியைப் பார்த்து, அதில்தான் விசேஷம் என்று எண்ணிக்கொண்டார்போல. மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் வாளியைச் சுற்றி நின்று கைகூப்பினார்கள். வாளிக்குள் நீல மீன் அந்தக் கல்லை வலம் வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் போகும்போது என் பக்கம் திரும்பாமல், மனைவியிடம் மட்டும், "கும்பாபிஷேகம் எப்பம்மா?" என்று கேட்டார்.

"தண்ணி தெளியட்டும் அண்ணா" என்றாள்.

கற்களை மூன்று சிறு குவியலாக அடுக்கினேன். எதுவும் எந்த மலையையும்போல இல்லை. நீல மீனைத் திருப்பிக் கொடுப்பதாகக் கடைக்காரரிடம் சொன்னேன். ரிட்டர்ன் எடுக்கும் வழக்கம் இல்லையாம். "அதுக்குன்னு தனியா ஒரு தொட்டி வெச்சிடுங்க சார், நானே தர்றேன்" என்றார். முதல் நாளே அவர் மனதில் இருந்த கணக்கு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். புதுத் தொட்டிக்குப் பிளக் பாயின்ட் இருந்த ஒரே இடம் என் எழுதும் மேசை. மேசையில் முக்கால் பாகத்தில் இப்போது ஒரு கல்லும், அதைச் சுற்றி நீல மீனும். மிச்சத்தில் நான். பேனாவைச் சற்று வேகமாக நகர்த்தினால் வந்து கண்ணாடியை முட்டுகிறது.

மஞ்சள் மீன் குழாயை விட்டு நகரவே இல்லை. எதிரி போனது அதற்கு யார் சொல்வார்கள்? மனைவி காலையிலும் மாலையிலும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, இறால் துணுக்கை நீளக் குழலில் எடுத்து அதன் பக்கத்தில் விட்டுப் பார்த்தாள். துணுக்கெல்லாம் கோமாளி மீன்களுக்குப் போனது. அவை மேல் மூலையை விட்டிறங்கி, உடம்பு தேறி, நடையே மாறிவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள். "ஏங்க, சத்தம் போடாம வாங்க."

போய்ப் பார்த்தேன். இருப்பதிலேயே சின்னக் குவியலின் அடியில் புதிதாக ஒரு குழி. அதன் வாசலில், கிழிந்த வாலோடு, மஞ்சள் மீன் உட்கார்ந்திருந்தது. குழலிலிருந்து இறங்கிய துணுக்கை லபக்கென்று கவ்விக்கொண்டு உள்ளே போய், உடனே திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. முகத்தில் ஒரு துளி நன்றி கிடையாது.

"இன்னும் கோவமா இருக்கும்போல" என்றேன்.

"கோவமில்ல. அதோட மூஞ்சியே அப்படித்தான். இத்தினி வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

மேலே பெரிய கோமாளி மீன் நீந்துவதை நிறுத்திவிட்டு, அந்தக் குழியையே பார்த்தபடி மெதுவாகக் கீழே இறங்கியது. மனைவி விரலால் கண்ணாடியைத் தட்டினாள்.

"நீ இன்னா பாக்குற? போ அந்தாண்ட."