ஐந்தாம் பத்தியில் எழுந்த குரல்

நடக்காத ஒன்றை நடந்ததாக அரசு அறிக்கையில் எழுதினேன்.

லஞ்சம் வாங்கவில்லை. யாருக்கும் அஞ்சவில்லை. அறிக்கை ஒழுங்காக அமைய வேண்டுமே என்பதற்காக எழுதினேன். ஒரே ஒரு வாக்கியம்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். காசுக்காகப் பொய் எழுதியவனை உங்களால் புரிந்துகொள்ள முடியும். என்னை என்ன செய்வீர்கள்?

நான் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு அறிக்கை எழுதக் கற்பித்தவனும் நானே. முதலில் பொருள், அடுத்துப் பார்வை, பிறகு பத்திகள். பத்திக்கு எண் வேண்டும். ஒரு பத்தியில் ஒரு செய்திதான் இருக்க வேண்டும். படிப்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தால் அடுத்த பத்தியின் முதல் வரி அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மேலிடம் விளக்கம் கேட்கும், கோப்பு திரும்பி வரும். எங்கள் உலகில் சாவுக்கு அடுத்த துன்பம் அதுதான்... சில நாட்களில் வரிசை மாறிவிடும்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை. கழிவுநீர்த் தொட்டியில் மரவள்ளிக் கிழங்கின் சக்கையான திப்பி அடைத்துக்கொண்டது. அதை வார இறங்கிய அங்கமுத்து என்ற தொழிலாளி விஷவாயு தாக்கி உள்ளேயே இறந்துபோனார். விசாரித்து அறிக்கை அனுப்பும்படி எனக்கு உத்தரவு வந்தது.

நான்கு பத்திகள் தடையின்றி ஓடின. ஆலையின் அமைப்பு, தொட்டியின் ஆழம், அடைப்பு, அங்கமுத்து அங்கே வந்து நின்றது. அதற்குப் பிறகு அவர் இறந்து கிடக்கிறார். நடுவில் ஒரு பள்ளம்! அந்த நாற்றத்துக்குள் ஒரு மனிதர் ஏன் இறங்கினார்? இறங்கச் சொன்னது யார்? இறங்காதே என்று சொல்ல அங்கே ஒருவருமா இல்லை?

ஆலை மேஸ்திரி பழனியப்பனைக் கேட்டேன்.

"எறங்காதேன்னு சொன்னீங்களா?"

"அவன் எறங்குனதே தெரியலீங்க சார். நான் மோட்டார்கிட்ட நின்னனுங்க. அந்தச் சத்தத்துல என்னத்தக் கண்டேன்..."

"வழக்கமா சொல்றதுதானே?"

"வழக்கமான்னா... சொல்றதுதானுங்க."

இறந்தவரின் மனைவி பாவாயி அதே ஆலையில் ஜவ்வரிசி உலர்த்தும் களத்தில் வேலை செய்தவர். அவர் அழுதுகொண்டே ஒரே வரிதான் சொன்னார். "எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க, மோட்டார் சத்தந்தானுங்க கேட்டுது."

அது உண்மை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மோட்டாரை ஓடவிட்டுத் தொட்டியருகில் நானே நின்று பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் நின்று என் ஓட்டுநர் கூப்பிட்டது என் காதில் விழவில்லை.

ஆனாலும் ஐந்தாம் பத்தியை இப்படித் தொடங்கினேன். 'மேற்பார்வையாளர் உரக்க எச்சரித்தும், அதனைப் பொருட்படுத்தாது அன்னார் தொட்டிக்குள் இறங்கியுள்ளார்.'

ஆகா, எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது! பள்ளம் மூடிக்கொண்டது. பழனியப்பனுக்குப் படித்துக் காட்டினேன், தலையாட்டிவிட்டுக் கையெழுத்திட்டார். அறிக்கை ஏற்கப்பட்டது. பிழை இறந்தவருடையது என்று முடிவாயிற்று. விளக்கம் கேட்டு ஒரு தாள்கூடத் திரும்பி வரவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இது சாதாரணப் பொய்.

என் அறிக்கையைப் பயிற்சி வகுப்பில் மாதிரியாகக் கொடுத்தார்கள். நானே நின்று பத்தி பத்தியாக விளக்கினேன். சில காலம் கழித்து என் மாணவர்களின் அறிக்கைகள், சரிபார்த்துத் தரும்படி, என் மேசைக்கு வரத் தொடங்கின. பள்ளிபாளையத்தில் ஒரு சாயப்பட்டறைத் தொட்டி. எடப்பாடிப் பக்கம் ஒரு பாழுங்கிணறு. ஊர் வேறு, ஆள் வேறு... ஆனால் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் உரக்க எச்சரித்திருந்தார். ஒவ்வொன்றிலும் இறந்தவர் பொருட்படுத்தாது இறங்கியிருந்தார். எல்லாம் ஐந்தாம் பத்தியில்தான். நான் பிறப்பித்த குரல் காவிரிக் கரைவரை நடந்து போயிருக்கிறது! போன இடமெல்லாம் ஒரு சாவின் விளிம்பில் நின்று கத்திவிட்டு, பழியை உள்ளே தள்ளிவிட்டு, அடுத்த ஊருக்குப் போகிறது.

ஓய்வு பெற்ற பிறகு நாமகிரிப்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில் பழனியப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிழவராகியிருந்தார்.

"சாருக்கு நாபகம் இருக்குதுங்களா? தொண்டத்தண்ணி வத்தக் கத்துனனுங்க! 'அடேய் அங்கமுத்து, எறங்காதடா'ன்னு. கேட்டானுங்களா? இன்னைக்கும் சோத்துல கைய வெச்சா அந்தச் சத்தந்தானுங்க எங்காதுல கேக்குது."

அவர் கண்கள் நிறைந்திருந்தன. பொய் சொல்லும் மனிதனின் கண்கள் எனக்குத் தெரியும். அவற்றைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்கினேன். இவர் பொய் சொல்லவில்லை! நடக்காததை இவர் நினைவுகூர்ந்துகொண்டிருந்தார்...

இலையை மூடிவிட்டு நேராக ஆலைக்குப் போனேன். பாவாயி இன்னும் களத்தில்தான் இருந்தார். உச்சி வெயில். கண்ணுக்கெட்டியவரை வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி. அவர் காலடியில் நிழல்கூட இல்லை.

"பாவாயிம்மா, நான் எழுதுனது பொய். அன்னைக்கு யாரும் கத்தல. உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல."

என் வாழ்நாளில் இதைவிடத் தெளிவாக நான் எதையும் சொன்னதில்லை. சுற்றி வளைக்கவில்லை. ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க சாமி, வெயில்ல வந்து இப்பிடிப் பேசறீங்க? நாந்தான் ரெண்டு காதுலயும் கேட்டனே! மேஸ்திரி கத்துனதும் அந்த மனுசன் திரும்பி என்னைப் பாத்துச்சுங்க. பாத்துட்டுத்தான் எறங்குச்சு."

களத்துக்கும் தொட்டிக்கும் நடுவே ஆளுயரச் சுவர் நிற்கிறது. அன்றும் நின்றது. அங்கிருந்து பார்க்க முடியாது என்று கையை நீட்டிக் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு, என்மேல் இரக்கப்படுவதுபோல் என்னைப் பார்த்தார்.

திரும்பிப் பார்த்ததாக நான் எழுதவில்லை. சத்தியமாக எழுதவில்லை! என் ஒற்றை வாக்கியம் என்னைக் கேளாமலே அவருக்குள் வளர்ந்திருக்கிறது...

"நீங்க நல்ல மனசுக்காரரு. என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க. வேண்டாங்க சாமி. அந்தாளு படத்துக்கு இன்னைவரைக்கும் ஒரு பூ வெச்சதில்லீங்க. அமாவாசைக்கு ஊர்ல எல்லா ஊட்டுலயும் செத்தவங்களுக்குச் சோறு வெக்கறாங்க, நான் வெக்கறதில்ல. சொன்னாக் கேக்காம, எம்மூஞ்சியையும் பாத்துட்டுப் போனவனுக்கு எதுக்குங்க சோறு?"

"வைங்கம்மா. அவர் எதையும் கேக்காம இருக்கல. சொல்றதுக்கு அங்க ஆளே இல்ல. எம்பேச்சை நம்புங்க."

"கெவுருமெண்டே எழுதி வெச்சிருக்குதுங்களே!"

அது எழுதவில்லை, நான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது எனக்குள் ஏதோ ஒன்று மெல்ல எழுந்தது... ஒருவேளை உண்மையிலேயே யாராவது கத்தியிருந்தால்? நான் எழுதியது சரியாகவே இருந்துவிட்டால்? என் நெஞ்சு லேசாயிற்று. நம்புவீர்களா, அந்த வெயிலில் அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்று நான் மகிழ்ந்தேன்!

வாயை மூடிக்கொண்டேன். "வாரேங்க" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை. அமாவாசைகள் வருகின்றன, போகின்றன. அந்த வீட்டில் அங்கமுத்துவுக்கு இலை போடுவதில்லை.