வழி விடாதீங்க என்ற ரோஸ்லின் டீச்சர்

ரோஸ்லின் டீச்சர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் பஷீர் பாய். உக்கடத்தில் துணிக்கடை வைத்திருப்பவர். எங்கள் கொயரில், அதாவது சேர்ந்து பாடும் குழுவில், அடிக்குரல் பாடுகிறவர். நான் மதுக்கரையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது போன் செய்தார். “ஏனுங்க அம்மணி, டீச்சர் போயிட்டாங்க” என்றார். இருவரும் அழுது ஓய்ந்த பிறகு அவருக்கு அடுத்த கவலை வந்தது. “நாளைக்கு அடக்கத்துல நம்மளப் பாடச் சொல்றாங்க. கை காட்டறது ஆருங்க?” முன்னால் நின்று கை காட்டி எங்களை நடத்தியவர் டீச்சர் ஒருவர்தான்.

டீச்சரை அறிந்த உங்களுக்கு அவருடைய வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடங்களில் பாட்டு பீரியட் என்பது கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்ளும் பீரியட். இவர் மட்டும் கொடுக்க மாட்டார். பணிக்காலம் முழுக்கப் பிள்ளைகளை நான்கு குரல் பிரிவுகளாகச் சேர்ந்து பாட வைத்தார். ஓய்வு பெற்றபின் பெரியவர்களைச் சேர்க்கத் தொடங்கினார். குரல் தேர்வெல்லாம் கிடையாது. “பேசத் தெரியுமில்லீங்க? அப்பப் பாடலாம், வாங்க” என்பார். பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் நானும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

முதல் ஒத்திகையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. டீச்சர் கையைத் தூக்கி இறக்கினார். சத்தமே இல்லை. பக்கத்தில் இருப்பவர் தொடங்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம். பாய் என்னிடம் “நீங்க எடுங்க அம்மணி” என்று சொல்லியே விட்டார். டீச்சர் இடுப்பில் கை வைத்தார். “பஸ்ஸுல எறங்கறவங்களுக்கு வழி விடுங்க. பாட்டுல ஆருக்கும் வழி விடாதீங்க. கை எறங்குனா வாங்க, அவ்வளவுதான்.” எங்கள் ஊர் மரியாதையை எதிர்த்து அவர் கடைசிவரை சண்டை போட்டார். அதையும் ‘ங்க’ போட்டேதான் போட்டார்.

ஈரோட்டில் ஒரு நிகழ்ச்சி. எல்லோரும் நிறுத்த வேண்டிய இடத்தில் பாய் மட்டும் தனியாக முழங்கிவிட்டார். அரங்கில் சிரிப்பு. டீச்சர் திரும்பி, “அவரு சரிங்க. நாந்தான் கையைத் தப்பாக் காட்டிப்போட்டேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினார். பச்சைப் பொய். திரும்பி வரும் வேனில், பழியை ஏன் ஏற்றுக்கொண்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். “அவரைச் சொல்லிப்போட்டா அடுத்த தடவை பயந்துட்டு வாயை மட்டும் அசைப்பாரு கண்ணு. எனக்கு ஒரு குரல் போயிரும்” என்றார். இதில் அன்பைவிடக் காரியம்தான் பெரிது என்று அன்று நினைத்தேன். இப்போது இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

செய்தி வந்த மறுநாள் சர்ச்சில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றோம். டீச்சரே மெட்டுப் போட்ட பாட்டு. பாதிரியார் தலையசைத்தார்.

“நீங்க காட்டுங்க.”

“ஐயோ, பெரியவங்க நீங்க இருக்கறப்ப நானுங்களா?”

வரிசை முழுக்க இதே பேச்சு. டீச்சரின் மகள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். எனக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. யாரையும் கேட்காமல் முன்னால் போய் நின்று கையைத் தூக்கினேன். இறக்கினேன். எல்லோரும் வந்தார்கள்.

நன்றாகப் பாடினோம் என்று சொல்ல மாட்டேன். நடுவில் வேகம் கூடியது. ஆனால் முடித்தோம். வெளியே வந்ததும், வியாழக்கிழமை ஒத்திகை உண்டு, கை காட்டப்போவது நான்தான் என்று சொல்லிவிட்டேன். மூத்தவர்கள் இரண்டு பேருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த மரியாதைக் குறைவுதான்.