மிஷின் ஓடுதா?

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணன் ஏன் இப்படி முறைக்கிறார் என்று கேட்பீர்கள். அது கம்பெனி கேட் பாஸுக்காக எடுத்த படம். அவர் சிரித்த படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவர் சிரித்தபோதெல்லாம் நாங்களும் சிரித்துக்கொண்டிருந்தோம், யாருக்கும் போனை எடுக்கத் தோன்றவில்லை.

அண்ணன் பிறந்தது திருமுல்லைவாயிலில். ஐ.டி.ஐ. முடித்ததும் பாடியில் இருந்த ஒரு தொழிற்சாலையில் லேத் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா தவறிய பிறகு என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபோது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. கைக்கு வந்ததைக் கொண்டு, தொழிலை விட்டுப் போகும் ஒருவரிடமிருந்து தானாகத் தின்பண்டம் தரும் மிஷின்கள் நான்கை வாங்கினார். போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டினால் உள்ளே கம்பிச் சுருள் சுழன்று பாக்கெட்டைக் கீழே தள்ளும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான்கு கம்பெனிகளுக்குள் வைத்தார். "இனிமே இங்க டீக்கடைக்கெல்லாம் பூட்டுதான்" என்று பெருமையாகச் சொன்னார்.

பூட்டு விழப் பார்த்தது அவருக்குத்தான். ஒரு மிஷினும் ஓடவில்லை. ஓடவில்லை என்றால் எங்கள் வீட்டில் விற்கவில்லை என்று அர்த்தம். தேதி முடிந்த சிப்ஸெல்லாம் மூட்டை மூட்டையாக வீட்டுக்கே திரும்பி வந்தது. விலையைக் குறைக்கச் சொன்னார் அண்ணி. கலர் விளக்கு மாட்டச் சொன்னேன் நான். குறைத்தார், மாட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

காரணத்தைச் சொன்னவர், கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பூந்தமல்லி பாய்.

"இன்னா நைனா, போனைப் புடுங்கி வெச்சிகினுதான் ஆளை உள்ள உடறாங்க. உன் மிஷினு எத்த ஸ்கேன் பண்ணும், மூஞ்சியையா?"

அண்ணன் வேலை பார்த்த காலத்தில் அந்த விதி கிடையாது. சரக்கு நிரப்பப் போகும் அவரிடம் யாரும் போனை வாங்கி வைத்ததுமில்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை. அங்கேயே நின்று வாய்விட்டுச் சிரித்தாராம். எந்தக் கடைக்குப் பூட்டுப் போட வந்தாரோ, அதே கடையில் டோக்கன் விற்க ஏற்பாடு செய்தார். டீ குடிக்கும்போது டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். மிஷின் அதை ஏற்றுக்கொள்ளும்படி அவரே மாற்றியமைத்தார், லேத் பிடித்த கை அல்லவா. பேக்கிங் பிரிவுப் பெண் ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டைத் தட்டிக் காட்டி, "இன்னாண்ணே, பசிக்குதுன்னு வந்தா காத்த அடைச்சி விக்கிற?" என்று கேட்டாராம். மறுநாளே சிப்ஸ் போய்க் கடலை மிட்டாயும் பொரி உருண்டையும் வந்தன.

மிஷின்கள் ஓடின. அண்ணன் தட்டைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாலும் பந்தியிலிருந்தே பாய்க்குப் போன் போடுவார். "பாய், மிஷின் ஓடுதா?" நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்வோம்.

அந்தச் சந்தோஷம் ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. காய்ச்சல் என்று படுத்தார், தொற்று நுரையீரலுக்குப் போய்விட்டது. மருத்துவர்கள் செய்யாத வைத்தியம் இல்லை. அண்ணியும் நானும் ஐ.சி.யூ. வாசலிலேயே கிடந்தோம். சரக்கு நிரப்ப மிஷின் சாவியைக் கேட்டுப் பாய் ஆள் அனுப்பினார். அப்புறம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டோம். சாவியைப் பற்றியெல்லாம் நினைக்கிற நிலையிலா இருந்தோம்?

ஒரு நாள் பார்வை நேரத்தில் நான் உள்ளே போனபோது, அண்ணன் மூக்கின் மேலிருந்த மாஸ்கை விலக்கினார்.

"மிஷின் ஓடுதா?"

நான் அவர் தலைக்கு மேலிருந்த திரையைப் பார்த்தேன். பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஓடுதுண்ணா. நல்லா ஓடுது."

"எல்லாமா?"

மருந்து ஏற்றும் பம்பைப் பார்த்தேன், ஆக்சிஜன் கருவியைப் பார்த்தேன். "எல்லாமே ஓடுதுண்ணா" என்றேன். அவர் முகம் அப்படித் தெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு அவர் பேசவில்லை.

காரியம் முடிந்து, சாவியை எடுத்துக்கொண்டு அண்ணியும் நானும் எஸ்டேட்டுக்குப் போனோம். "ரொம்ப நாளா காலியாத்தாம்மா கீது" என்றார் காவலாளி. கண்ணாடிக்குப் பின்னால் வெறும் கம்பிச் சுருள்கள். அவர் எந்த மிஷினைக் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிம்மதியாகத்தானே போனார் என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு மனசு ஆறவில்லை.

மூன்று கம்பெனிகள் இடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டன. அவர்களைக் குறை சொல்ல முடியாது, எத்தனை நாள் காத்திருப்பார்கள்? அந்த மூன்று மிஷின்களும் எங்கள் வண்டி நிறுத்துமிடத்தில் தார்ப்பாய்க்குள் நிற்கின்றன. மிஞ்சியிருக்கும் ஒன்றை அண்ணி நிரப்புகிறார்.

அண்ணனைத் தாயைப்போல் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த ஆவடி உறவுகளுக்கும், அண்ணிக்குப் பொறுமையாகத் தொழில் கற்றுத்தரும் பாய்க்கும், மிஷினில் சிக்கிய பாக்கெட்டுக்குச் சண்டை போடாத பேக்கிங் பிரிவுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணா, மிஷின் ஓடுது. எல்லாமான்னு மட்டும் கேக்காத.